கம்பம் நட்ட ஊரில் மெக்சிகோ வறுத்தவள்

சமையல் தெரியாதவர்களால் உலகத்துக்குப் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. சோற்றைக் குழைய விடுவார்கள், ரசத்தில் உப்புப் போட மறப்பார்கள், அதோடு சரி. சமையலைப் பரீட்சைக்குப் படித்து, அதில் முதல் வகுப்பும் வாங்கிக்கொண்டு வருகிறார்களே, அவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான் அந்த இரண்டாவது இனம். ஒரு ஊரையே, மேளக்காரர் தொடங்கி மாரியம்மன் வரைக்கும், ஒரே நேரத்தில் தும்ம வைத்தவள். (மாரியம்மன் தும்மியதை நான் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சத்தியம் செய்ய ஆள் இருக்கிறது.)

இதை இப்போது சொல்ல வேண்டி வந்ததற்குக் காரணம் என் மாப்பிள்ளை. மகளைக் கட்டி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பெங்களூரில் வேலை. அவர் 'வீகன்' ஆகிவிட்டாராம். கறி இல்லை, முட்டை இல்லை, பால் தயிர் நெய் எதுவும் இல்லை. காரம் மட்டும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு நாட்டுச் சமையல் செய்து போட்டோ அனுப்புவார். போன வாரம் போனில், "இதெல்லாம் உங்க காலத்துல கெடையாது இல்லீங்களா அத்தை?" என்று கேட்டார். பின்னால் என் மகள் சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவது எனக்குக் கேட்டது. எங்கள் காலத்தில் அதெல்லாம் இருந்தது மாப்பிள்ளை. பெயர் மட்டும்தான் வேறு. அப்போது அதை 'வம்பு' என்பார்கள்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. சேலம் அஸ்தம்பட்டியில் பிறந்து வளர்ந்து, பெண்கள் கல்லூரியில் மனையியல் படித்துவிட்டு, சேந்தமங்கலத்துக்கு மூன்று மைல் தள்ளி ஒரு விவசாயக் குடும்பத்துக்கு வாக்கப்பட்டிருந்தேன். மாமனார் ஊர் மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா. பேச்சு குறைவு, மீசை அதிகம். வீட்டுக்காரருக்குச் சொந்தமாக ஒரு லாரி. லோடு ஏற்றிக்கொண்டு ஆந்திரா பக்கம் போனால் நாலைந்து நாள் கழித்து வருவார். வீட்டில் மீதி இருந்தது நானும், அத்தையும், ஏழு மாடுகளும். அத்தை என்றால் என் மாமியார். என் பட்டப்படிப்பின் மீது அவருக்கு அந்த ஏழு மாடுகளுக்கு இருந்த அளவு மரியாதைதான் இருந்தது.

இந்த நிலையில் சேந்தமங்கலம் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் மனையியல் ஆசிரியை வேலை காலி என்று தெரிந்தது. விண்ணப்பம் எழுதினேன். சும்மா எழுதியிருக்கலாம். 'உலக நாடுகளின் உணவு முறைகளில் சிறப்புத் தேர்ச்சி' என்று ஒரு வரியைக் கொழுப்பெடுத்துப்போய்ச் சேர்த்தேன்.

அது முழுப் பொய் இல்லை. கல்லூரியில் அப்படி ஒரு பாடம் இருந்தது. மேடம் வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். மெக்சிகோவுக்குப் பத்து மதிப்பெண், எத்தியோப்பியாவுக்கு ஐந்து. செய்முறை வகுப்பில் நாங்கள் செய்ததெல்லாம் உருளைக்கிழங்கு வேகவைத்ததும், கைக்குட்டையைத் தாமரைப்பூ மாதிரி மடித்ததும்தான். அந்தத் தாமரைக்கு எனக்குப் பரிசு கிடைத்திருக்கிறது.

பள்ளித் தாளாளர் என்னை நேரில் கூப்பிட்டார். மாமனாரோடு போனேன். தாளாளர் ஒல்லியான மனிதர், கதர்ச் சட்டை. சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் நாலு பச்சை மிளகாய் இருந்தது. பேசிக்கொண்டே ஒன்றை எடுத்து, முறுக்குக் கடிப்பதுபோல் கடித்தார்.

"உலகச் சமையல் எல்லாம் வருங்களா அம்மிணி?"

"வருங்க சார். மெக்சிகோ, சீனா, எத்தியோப்பியா..."

"ரொம்பச் சந்தோசமுங்க. ஆனா நான் இயற்கை வைத்தியத்துல இருக்கறவனுங்க. கறி, முட்டை ஆகாது. பாலு, தயிரு, நெய்யி எதையும் தொடறதில்லை. அது கன்னுக்குட்டி சொத்துங்க. தேனும் வேண்டாம். அது ஈ பாடுபட்டுச் சேத்துனது. ஒறப்பு மட்டும் நல்லா இருக்கோணும். எல்லாத்தையும் உட்டுட்டேன், அதை மட்டும் உட முடியலீங்க." எங்கள் பக்கம் காரத்துக்கு ஒறப்பு என்றுதான் பேர். "வர்ற வெள்ளிக்கெழம மத்தியானம் உங்க ஊட்டுக்கு வாரேன். மூணு நாட்டுச் சமையல் பண்ணி வெய்யுங்க. நல்லா இருந்துதுன்னா ஜூன் மாசம் வேலைக்கு வந்துருங்க."

திரும்பி வந்து வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கியதும் மாமனார் சொன்னார்:

"அம்மிணி. அவருக்குப் புடிச்சுதுன்னா நீ வேலைக்குப் போ. நான் குறுக்க நிக்கமாட்டேன். புடிக்கலைன்னா இந்த ஊட்டுல வேலைங்கற பேச்சு இதோட முடிஞ்சுது. சரியா?"

சரிங்க என்றேன். எனக்கு அந்த வேலை வேண்டும். வெறும் ஆசையில்லை, வெறி. மூன்று வருடம் படித்த படிப்பு முழுக்க மாட்டுக்குத் தவிடு கலக்குவதில் கரைந்துபோய்விடுமோ என்று தினமும் பயந்துகொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்குள் ஊரில் கம்பம் நட்டுவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அதைப் பெரிதாக நினைக்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் பக்கத்து மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, மூன்று கிளையுள்ள பால்மரம் ஒன்றை வெட்டிவந்து கோயில் முன்னால் நடுவார்கள். அதுதான் கம்பம். அது ஆத்தாளுடைய புருசன் என்று ஐதீகம். பெண்கள் தினமும் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் கொண்டுபோய் அதற்கு ஊற்றுவார்கள். நட்ட நாளிலிருந்து பிடுங்குகிற நாள் வரை எந்த வீட்டிலும் கறி எடுக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது. அம்மை போட்ட வீட்டில் தாளிக்க மாட்டோம் இல்லையா? அதுபோல ஊருக்கே அம்மை போட்டிருக்கிறது என்று கணக்கு. கருகல் வாடையும் நெடியும் ஆத்தாளுக்கு ஆகாது.

அந்த வருடம் ஊர்க்கூட்டத்தில் ஒரு புதுத் தண்டனை போட்டார்கள். மீறித் தாளிக்கிற வீட்டுப் பெண் நூற்றியொரு குடம் தண்ணீர் சேந்திக் கம்பத்துக்கு ஊற்ற வேண்டும். தப்பு அடித்து வீதி வீதியாக அறிவித்தார்கள். தண்டனையை முன்மொழிந்தவர் என் மாமனார்.

நான் பட்டியல் போட்டேன். மெக்சிகோவுக்கு வறுத்த மிளகாய் விழுதில் தட்டைப்பயறு, கூடச் சோள ரொட்டி. எத்தியோப்பியாவுக்குக் கேழ்வரகு மாவைப் புளிக்க வைத்து ஊற்றிய அப்பம், மேலே காரப் பருப்பு. சீனாவுக்கு முட்டைக்கோஸும் சோயா சாஸும். எல்லாம் கன்றுக்குட்டிக்கும் ஈக்கும் இடைஞ்சல் இல்லாதது.

சோயா சாஸ் வாங்கச் சேலத்துக்கு பஸ் ஏறினேன். செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டி மண்டியாக ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது எந்தச் சாமிக்குப் படைக்கறதுங்க?" என்றார். கடைசியில் ஒரு சந்துக்குள் தூசி படிந்த ஒரே ஒரு பாட்டில் கிடைத்தது. அதை மடியில் வைத்து, பிறந்த குழந்தையைக் கொண்டுவருவதுபோல் பஸ்ஸில் கொண்டுவந்தேன்.

மிளகாயை வீட்டுக்காரர் கொண்டுவந்தார். குண்டூரில் மிளகாய் லோடு ஏற்றியவர், பெண்டாட்டிக்கு என்று தனியாக ஒரு சிப்பம் கட்டி வாங்கி வந்திருந்தார்.

"என்னவோ மெக்சிகோவுக்கு ஒறப்பு வேணும்ன. இதைக் கிள்ளிப்போட்டாலே அந்த நாட்டுக்காரன் அழுவான்" என்று பெருமையாகத் தூணோரம் சாய்த்து வைத்தார். சிப்பத்துக்குப் பக்கத்தில் போனாலே மூக்கு அரித்தது.

வெள்ளிக்கிழமை காலை. அத்தை மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு குடத்தோடு கோயிலுக்குக் கிளம்பினார். கம்பம் நட்டு மூன்றாம் நாள்.

"அம்மிணி, கம்பம் நட்டிருக்குது. ஞாபகம் இருக்குதல்ல? எண்ணெய்ச் சட்டி வெக்கப்படாது. தாளிக்கப்படாது."

"எனக்குத் தெரியாதுங்களா அத்தை? சொட்டு எண்ணெய் இல்லாமத்தான் பண்றேன்."

"என்னமோ பண்ணு. எனக்கு மனசு ஒப்பல. சித்த பொறுத்துச் செய்யலாம்னா நீ கேக்கறியா?"

கேட்பேனா? நான் முதல் வகுப்பு. தாளிப்பு என்றால் எண்ணெய், எண்ணெய் இல்லை என்றால் தாளிப்பு இல்லை, தாளிப்பு இல்லை என்றால் குற்றமும் இல்லை. இப்படி ஒரு வழக்கை நானே நடத்தி நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். எண்ணெய் ஊற்றி வறுத்தாலாவது நெடி கொஞ்சம் அடங்கும், வெறும் சட்டியில் வறுத்தால் அது பேயாகும் என்பது எங்கள் தெருவில் ஆறு வயதுப் பெண் குழந்தைக்குக்கூடத் தெரியும். பட்டம் வாங்கிய எனக்குத் தெரியவில்லை.

தட்டைப்பயற்றை உப்பு மட்டும் போட்டு வேகவைத்து இறக்கினேன். பருப்பும் ஆயிற்று. அப்பம் ஓரளவு அப்பம் மாதிரி வந்தது. (ஒரு பக்கம் வந்தது. மறுபக்கம் கல்லோடு தங்கிவிட்டது.) முட்டைக்கோஸில் சோயா சாஸை ஊற்றியதும் அது மாட்டு வண்டி மை தடவினாற்போல் ஆனது. படத்தில் பார்த்ததும் கறுப்பாகத்தான் இருந்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பிறகு மெக்சிகோவுக்குக் கல்லூரி நோட்டை விரித்தேன்.

'காய்ந்த மிளகாய் நூறு. இரும்புச் சட்டியில் எண்ணெய் இல்லாமல் கருநிறம் வரும்வரை வறுத்து, ஊறவைத்து அரைக்கவும். வறுக்கும்போது சன்னல்களை நன்றாகத் திறந்து வைக்கவும்.'

அதே பக்கத்தின் தலையில் 'விடுதிக்கு, ஐம்பது பேருக்கு' என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது. எழுதியவள் நானேதான். கண்ணில் படவில்லை. நூறு மிளகாயை ஒன்று இரண்டு என்று எண்ணி எடுத்து வைத்தேன், எண்ணிக்கையில் தவறு வந்துவிடக் கூடாது என்று.

வீட்டில் மொத்தம் ஆறு சன்னல். எல்லாமே கோயில் வீதியைப் பார்த்தவை. ஆறையும் திறந்தேன். கதவையும் திறந்து அம்மிக் குழவியை முட்டுக் கொடுத்தேன். கொல்லிமலைப் பக்கமிருந்து நல்ல காற்று, கொல்லைப்புறம் நுழைந்து வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. சட்டி காய்ந்தது. குண்டூர் மிளகாய் நூற்றையும் ஒரே தடவையாகக் கொட்டினேன்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு லேசாக ஒரு வாசனை, நன்றாகத்தான் இருந்தது. பிறகு மிளகாய் கறுத்தது. அதற்குப் பிறகு நடந்ததை என் மூக்கும் தொண்டையும்தான் அறியும். கண்ணைத் திறக்க முடியவில்லை, மூச்சை இழுத்தால் விட முடியவில்லை. வாசலில் லாரியைத் துடைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "ஐயோ, என்ன புள்ள பண்ற?" என்று ஓடி வந்தார். நடுவீடு வரைக்கும் வந்தார். அப்படியே திரும்பினார். "நாமக்கல்லுல ஒரு லோடு சொன்னாங்க" என்று இருமலுக்கு நடுவே சொல்லிவிட்டு லாரியைக் கிளப்பிக்கொண்டு போயே விட்டார். கட்டிய புருசன். இதை நான் இன்றுவரை மறக்கவும் இல்லை, அவரை மறக்க விடவும் இல்லை.

நெடி ஆறு சன்னல் வழியாகவும் ஒழுங்காக வெளியேறி நேராகக் கோயிலுக்குப் போனது. அங்கே நடந்ததைப் பிறகு பலர் சொல்லக் கேட்டேன். ஆளாளுக்குக் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார்கள். முதலில் மேளம் நின்றது. அடிப்பவர் தும்மினார், பக்கத்திலிருந்தவர் தும்மினார். கம்பத்தைச் சுற்றி நின்ற பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு அம்மாவுக்கு அருள் வந்தது. "எவன்டா அவன்..." என்று ஆத்தா வாக்குச் சொல்லத் தொடங்கவும் பெரிதாக ஒரு தும்மல். மறுபடி தொடங்கவும் மறுபடி தும்மல். ஆத்தாள் கடைசிவரை முழுவாக்கியம் சொல்லவே முடியாமல் மலையேறிவிட்டாள்.

மாமனார் கையில் காப்புக் கட்டியிருந்தது. நோம்பி முடியும்வரை விரதம், ஒருவேளைச் சாப்பாடு, பொய் பேசக் கூடாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந்த ஊடுன்னு பாருங்கய்யா" என்றாராம். பார்க்க வேண்டியதே இல்லை. ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு நெடி வந்த வழியே நடந்தது. முன்னால் போனவர் அவர். தம் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். முகமெல்லாம் கண்ணீர், மூக்கெல்லாம் சிவப்பு, கையில் கரண்டி. சுமார் அறுபது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எண்ணெய் ஊத்தலீங்க மாமா" என்றேன். குரல் வரவில்லை, காற்றுத்தான் வந்தது.

தர்மகர்த்தா வீடு என்று எல்லாருக்கும் தயக்கம். மாமனாரே தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். "நூத்தியொரு கொடம்."

அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். அடுத்த நிமிடம் கொல்லையில் சட்டி விழும் சத்தம். நெடி பட்டதெல்லாம் தீட்டு. மெக்சிகோ, எத்தியோப்பியா, சீனா மூன்றும் எருக்குழியில் ஒன்றாகக் கலந்தன. மூடி போட்டிருந்த தட்டைப்பயறு மட்டும் தப்பியது.

கோயில் கிணறு ஆழம். இராட்டினம் கிரீச்சிடும். ஒவ்வொரு குடமாகச் சேந்தி, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு, இடுப்பில் வைத்துக் கொண்டுபோய்க் கம்பத்துக்கு ஊற்றினேன். ஒரு பாட்டியம்மா படியில் உட்கார்ந்து சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தார். என் நினைப்பெல்லாம் கணக்கில் இல்லை. தாளாளர் வருவார், வேலை போயிற்று. இனி ஆயுசுக்கும் தவிடுதான். கண்ணீர் எது, மிளகாய்த் தண்ணீர் எது என்று எனக்கே தெரியவில்லை, நல்லவேளை மற்றவர்களுக்கும் தெரியவில்லை.

"முப்பத்தொம்போது" என்று பாட்டியம்மா சொன்னபோது ஒரு சைக்கிள் வந்து நின்றது. கதர்ச் சட்டை, சட்டைப்பையில் பச்சை மிளகாய்.

தாளாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை மஞ்சள் தண்ணீர், கொண்டையில் வேப்பிலை. "அடடா, படிச்ச புள்ளைக்கு இவ்வளவு பக்திங்களா?" என்றார். பிறகு பலமாகத் தும்மினார். "என்னங்க, ஊருக்குள்ள ஒரே நெடியா இருக்குது?"

அறுபது பேர் இருந்தார்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. அந்த ஊர்மேல் எனக்குள்ள பாசம் அன்றைக்கு ஆரம்பித்தது.

"வாங்க, ஊட்டுக்குப் போலாம்" என்றார் மாமனார். வேறு என்ன சொல்வார்?

நான் குறுக்குச் சந்தில் ஓடி, கொல்லை வழியாக அடுப்படிக்குப் போனேன். அத்தை அப்போதுதான் அடுப்பைச் சாணி போட்டு மெழுகி முடித்திருந்தார்.

"அத்தை, அவரு வந்துட்டாருங்க."

"வரட்டும்."

"சாப்பாடு?"

"எல்லாம் குழியில கெடக்குது. போயி எடுத்துட்டு வரட்டுமா?" என்றார். நான் அழத் தொடங்கினேன். அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஊட்டுக்கு வந்தவங்களை வெறும் வயித்தோட அனுப்பறதா? நீ போயி மூஞ்சியக் கழுவு" என்றார்.

அடுப்பே மூட்டவில்லை. காலையில் ஆக்கிய கம்மஞ்சோறு தனியறைப் பானையில் இருந்தது. புளியைக் கரைத்தார். சின்ன வெங்காயத்தை உரித்துக் கையாலேயே நசுக்கினார். ஏழெட்டுப் பச்சை மிளகாயைக் கல்லில் தட்டிப் போட்டார். உப்பு, ஒரு கிள்ளு வெல்லம், கை நிறையக் கொத்தமல்லி. ஒரு கலக்கு. பச்சைப்புளி ரசம். கூட அந்தத் தட்டைப்பயறு. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

இலை போட்டுத் தாளாளரும் மாமனாரும் உட்கார்ந்தார்கள். நான் பரிமாறினேன். அத்தை கதவோரம் நின்றார். தாளாளர் கம்மஞ்சோற்று உருண்டையை ரசத்தில் உடைத்துப் பிசைந்து வாயில் வைத்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய். நெற்றியில் வேர்த்தது. சட்டைப்பையிலிருந்த மிளகாயை அவர் தொடவே இல்லை.

"இது எந்த நாட்டுச் சமையலுங்க அம்மிணி?"

நான் வாயைத் திறந்தேன். நெடி ஏறிய தொண்டை, 'க்க்' என்று ஒரு சத்தம் வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. கதவோரத்திலிருந்து அத்தை குரல் வந்தது, கொஞ்சமும் பிசிறில்லாமல்.

"எத்தியோப்பியாவுங்க."

நான்கு நாளாக நோட்டை வைத்துக்கொண்டு நான் மனப்பாடம் செய்ததை மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே கேட்டிருக்கிறார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. பச்சைப்புளி ரசத்தைப்போய் எத்தியோப்பியா என்று சேந்தமங்கலத்துக்காரரிடமா சொல்வது? அவர் வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் அதுதான் இருந்திருக்கும்.

தாளாளர் மெதுவாக மாமனார் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, எத்தியோப்பியாங்களா?"

மாமனார் கையிலிருந்த காப்பைப் பார்த்தார். பொய் சொல்லக் கூடாது. பெண்டாட்டியையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. வெகுநேரம் சோற்றைப் பிசைந்தார்.

"அடுப்படிச் சமாச்சாரத்துல நான் தலையிடறதில்லீங்க" என்றார்.

தாளாளர் தலையை ஆட்டிக்கொண்டே இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கினார். "எங்க ஆத்தாளும் இப்படியேதானுங்க கரைப்பா. அவ எத்தியோப்பியா போயிட்டு வந்தது எனக்கு இத்தனை நாளாத் தெரியாமப் போச்சு."

சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். இதற்குமேல் மறைக்க என்னால் முடியவில்லை. வராத குரலை இழுத்துப்பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு நாட்டுச் சமையலும் என் கையால் செய்ததில்லை, எல்லாம் நோட்டில்தான். ஐம்பது பேர் கணக்கை வகுக்காமல் விட்டேன். எண்ணெய் இல்லாவிட்டால் தப்பில்லை என்று நினைத்தேன். சன்னலைத் திறந்தேன். ஆறையும் திறந்தேன்.

"ஆறுமா?" என்றார்.

"ஆமாங்க சார். நோட்டுல நல்லாத் தொறக்கச் சொல்லியிருந்துது."

அப்போதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. வாயில் ரசம் இருந்தது, புரை ஏறியது, மாமனார் அவர் தலையில் தட்டிவிட வேண்டியதாயிற்று. அடங்கியபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கணக்கு டீச்சர் வேலை கேட்டிருந்தா உங்களைச் சேத்தமாட்டேனுங்க அம்மிணி. மனையியல்தானே, ஜூன் மாசம் வந்துருங்க. முதப் பாடத்துக்கு மட்டும் அந்த எத்தியோப்பியா அம்மாளையும் கூட்டிட்டு வாங்க."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மாமனாரைப் பார்த்தேன். அவர் இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

"சொன்ன சொல்லு சொல்லுத்தான். ஜூன் மாசம் போ" என்றார். "இப்ப கோயிலுக்குப் போ. கொடம் இன்னும் அறுவத்திரெண்டு இருக்குது."

அந்த அறுபத்திரண்டையும் நான் தனியாக ஊற்றவில்லை. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் அத்தை இன்னொரு குடத்தோடு நின்றார். படியிலிருந்த பாட்டியம்மா, "ஏனுங்க, தண்டனை மருமவளுக்குத்தானுங்களே?" என்று கேட்டார். "நான் பொய் சொன்னதுக்குத் தனிக் கணக்குங்க. நீங்க எண்ணுங்க" என்றார் அத்தை. கிணற்றடியில் கயிற்றை இழுத்துக்கொண்டே மெல்லக் கேட்டேன், காலையில் மனசு ஒப்பலை என்றவர் எதற்காக அப்படிச் சொன்னீர்கள் என்று. "நாலு நாளா அந்த நோட்டைக் கட்டிக்கிட்டுத் தூங்காம கெடந்த. பாக்கப் பாவமா இருந்துது சாமி" என்றார். அதற்குமுன் அவர் என்னை அப்படிச் செல்லமாகச் சாமி என்று கூப்பிட்டதில்லை. நான் குடத்தை வைத்துவிட்டு மறுபடி அழுதேன். இந்தத் தடவை மிளகாய் காரணமில்லை.

ஜூன் மாதம் வேலைக்குப் போனேன். முப்பத்திநாலு வருடம் அங்கேயே இருந்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றேன். என் மாணவிகள் எதை மறந்தாலும், குறிப்பைப் படிக்கும்போது அது எத்தனை பேருக்கு என்று முதலில் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் பச்சைப்புளி ரசத்துக்கு எத்தியோப்பியா என்றே பேர் நிலைத்துவிட்டது. "கம்மஞ்சோத்துக்கு ரெண்டு கரண்டி எத்தியோப்பியா ஊத்து" என்பார் வீட்டுக்காரர். ஊற்றும்போதெல்லாம், "நாமக்கல்லுல லோடு இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊற்றுவேன்.

ஊரும் மறக்கவில்லை. அடுத்த வருடம் கம்பம் நடும்போது தப்பு அடித்து அறிவிக்கையில், 'தாளிக்கப்படாது' என்பதற்குப் பின்னால் புதிதாக இரண்டு விதி சேர்ந்திருந்தது. இப்போது ஆட்டோவில் மைக் கட்டி அறிவிக்கிறார்கள். விதி மாறவில்லை. "எண்ணெய்ச் சட்டி வெக்கப்படாது, தாளிக்கப்படாது, வெறுஞ்சட்டியிலயும் மொளகா வறுக்கப்படாது, கோயில் வீதிச் சன்னலைத் தொறந்து வெக்கப்படாது..."

போன பங்குனியில் அந்த ஆட்டோ எங்கள் வாசலைத் தாண்டியபோது, எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் என்னிடம் கேட்டாள். "ஏனுங்க டீச்சர், தாளிக்கக் கூடாதுன்னா புரியுது. சன்னலை எதுக்குங்க தொறக்கக் கூடாது?"

நான் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன். "அது காலங்காலமா இருக்கற ஐதீகம் அம்மிணி. காரணமெல்லாம் கேக்கப்படாது."

உள்ளே கட்டிலில் படுத்திருந்த அத்தைக்கு எண்பத்தெட்டு வயது. காது மட்டும் இன்னும் கூர்மை.

"ஆமா சாமி" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். "எத்தியோப்பியாவுல இருந்து வந்த ஐதீகம்."